உசிரோட கொண்டுபோன கட்டி

புதுசாகப் பெட்டி தூக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

நான் ரிட்டயர் ஆன அன்னைக்குச் சால்வை போட்டு, மைக்கைக் கையில் திணித்து, "புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றார்கள். நான் சொல்லவில்லை. நன்றி வணக்கம் சொல்லிவிட்டு இறங்க நான் என்ன கவுன்சிலரா? இந்த வேலை ரெண்டு வார்த்தையில் அடங்காது. அதனால் இப்போது உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும். என் படிப்பு அம்புட்டுதான். நான் சொல்லச் சொல்ல நம்ம வார்டு நர்ஸ் ஒருத்தி எழுதினாள். நடுவில் அவளாக எதையாவது சேர்த்து அழகு பண்ணிய இடத்தையெல்லாம் திரும்ப வாசிக்கச் சொல்லி அடிக்க வைத்துவிட்டேன். ஆகையால் இதில் இருக்கிறது என் பேச்சுதான்.

பெட்டியில் ஐஸ் எப்படி வைக்கணும், குப்பியை எப்படி நிறுத்தணும் என்பதெல்லாம் லேபில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கும் லேப் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பற்றி. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். லேப்காரர்களும் இருக்க மாட்டார்கள். நீங்களும் நோயாளியோட ஆட்களும்தான். அங்கே உங்க வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் ஆஸ்பத்திரி சொன்னதாக ஆகும்.

என்ன தூக்குகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குடலில் புற்றுநோய்க் கட்டி எடுத்தால், அதிலிருந்து சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு மேல்மாடி ஆராய்ச்சி லேபுக்குப் போகும். நோயாளி முன்கூட்டியே சம்மதித்திருந்தால் மட்டும். அந்தத் துண்டு உசிரோட போய்ச் சேரணும். செத்த துண்டை வைத்து நோய் இன்னது என்று சொல்லலாம். அது இனிமேல் என்ன செய்யும் என்று பார்க்க முடியாது.

ஏன் என்று நான் பெரிய டாக்டரம்மாவிடமே கேட்டேன். லேபை நடத்துகிறவர் அவர்தான். கட்டிக்குள் இருக்கிற செல் எல்லாம் ஒன்றுபோல இல்லையாம். பெரும்பாலானது வளர்ந்து, ஓய்ந்துபோகிற செல். கொஞ்சூண்டு மட்டும் வித்து மாதிரி. அதுதான் திரும்பத் திரும்பப் புதுசை உண்டாக்கும். ரத்தத்தோடு போய் ஈரலில் உட்கார்ந்து அங்கேயும் முளைக்கும். ஸ்டெம் செல் என்று அதுக்குப் பேர். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கீழக்குயில்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் களை பறித்து வளர்ந்த உடம்பு இது. கோரையை மேலோடு பிடுங்கினால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு எம்புட்டுக் கிடக்கிறது, அதுக்கு எம்புட்டு வேகம் என்பதுதான் சங்கதி. அந்த வேகத்தைத்தான் லேபில் பார்க்கிறார்கள். துண்டைப் பிரித்துத் தட்டில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தால், வித்துச் செல் இருந்தால் உருண்டை உருண்டையாகத் திரளும். ரொம்பத் திரண்டால் அந்த ஆளுக்கு நோய் பரவுமோ என்பது அவர்களுடைய கேள்வி. பரவும் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. கேள்வியைப் பதிலாக்கி வெளியே சொல்லிவிட்டு வருகிறவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

இன்னொன்று. எடுத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ம சனத்துக்கு ஆபரேஷன் நடந்த மாதிரி. தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் தட்டோடு வந்து நிற்பாள். சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். செல்போனில் படம் எடுப்பார்கள். "எங்க சித்திக்கு எடுத்தது இதவிடப் பெருசு" என்று பெருமை பேசுகிறவரையும் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். பார்த்த பிறகுதான் அவர்களுக்குச் சோறு இறங்கும். அந்தத் தட்டில் ஆரம்பித்ததுதான் நான் சொல்லப்போகிற காரியம்.

வில்லாபுரத்துக்காரர் பத்மநாபன். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற தொழில். வீட்டில் அவர்களுக்குள் சௌராஷ்டிர பாஷை, வெளியே நம்ம மதுரைத் தமிழ். அவர் சம்சாரம் சரோஜா, சேலையில் புள்ளிக்கு முடிச்சுப் போடுகிறவள். நூல் சுற்றிச் சுற்றி விரல் ஓரமெல்லாம் காய்த்துப்போயிருக்கும். அவளுடைய அண்ணன் மோகன் வாய் ஓயாத மனுஷன். பத்மநாபன் லேபுக்குத் துண்டு கொடுக்கச் சம்மதித்து ஒப்பம் போட்டிருந்தார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று விட்டிருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்தது. வெளியே அனல் மாதிரி வெயில். நர்ஸ் தட்டைக் காட்டினாள். நான் பக்கத்தில் பெட்டியோடு ஒதுங்கி நடக்கப் பார்த்தேன். மோகன் குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.

"என்ன சிஸ்டர், இந்த ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு? ஒரு துண்டக் காணோமே?"

"டெஸ்டுக்கு எடுத்திருக்குண்ணே."

"மொத்தமுமே டெஸ்டுக்குத்தான போகுது. இது மட்டும் தனியா எங்க போச்சு?" அவர் கண் என் கைக்கு வந்தது. "அக்கா, அந்தப் பெட்டியில என்ன?"

"அந்தத் துண்டுதாண்ணே. மேல லேபுக்குப் போகுது. உங்க மாப்ள சம்மதிச்சதுதான்."

"மாப்ள சம்மதிச்சாரா? எங்ககிட்டச் சொல்லலையே! தொறங்க பாப்போம்."

"தொறக்கக்கூடாதுண்ணே."

"ஏன், உள்ள கிட்னி கெடக்கா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியில் கையைப் போட்டுவிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் பெட்டியை இழுத்தால் திருடி ஆகிவிடுவேன். அங்கேயே நின்று விளக்கம் சொன்னால் உள்ளே இருக்கிறது வீணாகும். செக்யூரிட்டியைக் கூப்பிட்டால், உள்ளே படுத்திருக்கிறவர் கண் முழிக்கும்போது வீட்டார் சண்டையில்தான் முழிப்பார்.

நான் சொன்னேன்: "கைய எடுக்க வேணாம்ணே. அந்தப் பக்கத்த நீங்க பிடிங்க, இந்தப் பக்கத்த நான் பிடிக்கிறேன். சேந்தே மேல கொண்டுபோவோம். என்ன கேக்கணுமோ நடந்துக்கிட்டே கேளுங்க."

மனுஷன் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பிடித்தார். கல்யாண வீட்டில் அண்டா தூக்குகிற மாதிரி ரெண்டு பேரும் தூக்கிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினோம். சரோஜா பின்னாலேயே வந்தாள். 

யாராவது பெட்டியில் கை வைத்தால் கையைத் தட்டிவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு நடங்கள். இது நான் கண்டுபிடித்தது. இதுக்கு யாரும் எனக்குச் சால்வை போடவில்லை.

லேப் வாசலில் சின்ன டாக்டர் பரபரத்துக்கொண்டு நின்றார். திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பையன், தங்கமான குணம். ஆனால் அவருக்கு லேபுக்குள் பேசுகிற பேச்சு ஒன்றுதான் தெரியும்.

"அக்கா, ஏன் இம்புட்டு நேரம்? சார், விடுங்க சார், அது உசிரோட வேணும்" என்று பெட்டியை வாங்கினார்.

சரோஜா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எது உசிரோட வேணும்?"

"கட்டிதாம்மா. இங்க வச்சு நாங்க வளக்கணும். நீங்க கவலைப்படாதீங்க, நல்லா வளரும்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார், பாவம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சரோஜா அந்தக் கதவையே பார்த்தாள். "வெட்டி எடுத்ததத் திரும்ப வளக்குறாங்களாக்கா? சோறு ஊட்டி வளக்குறாங்களா? அது இங்க உசிரோட இருந்தா, அங்க அவரு எப்படி இருப்பாரு?"

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்தால், நாளைக்கு வேலைக்கு வராதீர்கள். அவள் கணக்கு சரியான கணக்கு. புருஷனைக் கொல்ல வந்த ஒன்றை உடம்பிலிருந்து எடுத்து, அழிக்காமல், ஏசி ரூமில் வைத்துத் தீனி போடுகிறார்கள் என்றால் எந்தப் பொம்பளைக்கு மனசு கேட்கும்? நம்ம லேபில் "நல்லா வருது, அருமையா வளருது" என்பது நல்ல சேதி. கதவுக்கு இந்தப் பக்கம் அதுதான் இழவுச் சேதி.

பத்மநாபன் தேறி வந்தார். கஞ்சித்தண்ணி குடித்தார், நடந்தார். ஒருநாள் லேசாகக் காய்ச்சல். ஆபரேஷன் உடம்புக்கு வருகிறதுதான் என்று நர்ஸ் சொன்னாள். சரோஜா மேல்மாடியைக் காட்டி, "அது வளருது, அதான் இவருக்குச் சுடுது" என்றாள். சாப்பிடவில்லை. வார்டு பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அதே சமயம் மேலே நான் போனால் சின்ன டாக்டருக்கு முகமெல்லாம் பல். "அக்கா, நீங்க கொண்டாந்த துண்டு இருக்கே, இந்த மாதிரித் திரண்டு நான் பாத்ததே இல்ல!" பக்கத்தில் பெரிய டாக்டரம்மா அந்தத் துண்டைப் போட்ட தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.  எனக்குக் கோரைக் கிழங்கு ஞாபகம் வந்தது.

எடுத்த கட்டியின் ரிசல்ட்டும் வந்தது. பக்கத்து நெறிக்கட்டி எதுக்கும் நோய் பரவவில்லை, கீமோ மருந்து ஏற்றத் தேவையில்லை, சொல்கிற நாளில் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வந்தால் போதும் என்று வார்டு டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டாருக்கு 'தேவையில்லை' மட்டும் காதில் விழுந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்னைக்குக் காலையில் மோகன் என்னைக் கேன்டீன் ஓரமாக மடக்கினார். பெட்டியை மறித்த ஆள் மாதிரி இல்லை, குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது செத்துருச்சுன்னு என் தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா."

"நான் எப்படிண்ணே..."

"பச்சத்தண்ணி பல்லுல படலக்கா அவளுக்கு. மருந்தும் வேணாம்னுட்டாங்க. அதுவும் ஒழிஞ்சுச்சுன்னா இதோட தல முழுகிட்டுப் போயிருவோம். இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டோம்."

"செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல?"

"எல்லாம் செத்தப்புறம் என்னத்தக்கா செக் பண்றது?"

அவரை அனுப்பிவிட்டு மேலே போனால் சின்ன டாக்டர் காத்திருந்தார். "அக்கா, அந்தம்மா கேட்டா செத்துப்போச்சுன்னு சொல்லிருங்களேன். இல்லைன்னா வீட்டுக்காரரச் சம்மதத்த வாபஸ் வாங்க வச்சிருவாங்க. எல்லாத்தையும் அழிக்கணும். இது மாதிரி ஒண்ணு திரும்பக் கிடைக்காதுக்கா. அவங்களுக்கும் நிம்மதிதானே?"

பார்த்தீர்களா? ரெண்டு பேருக்கும் ஒரே பொய் வேண்டியிருந்தது. ஒருத்தருக்குத் தங்கச்சி சாப்பிடணும். ஒருத்தருக்கு உருண்டை பிழைக்கணும். ரெண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் ஆபத்து. கெட்டவன் பொய் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று திரும்பிவிடலாம்.

நான் சாய்தளத்தில் இறங்கிக்கொண்டே யோசித்தேன். செத்துப்போச்சு என்று சொன்னால் அவள் சாப்பிடுவாள். லேபுக்கும் சந்தோஷம். எனக்கும் ரெண்டு பக்கமும் நல்ல பேர். ஆனால் பத்மநாபன் இந்த வாசலை மிதிக்க மாட்டார். குடலில் வந்தது ஈரலுக்குப் போனால் முதலில் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. ஸ்கேனில்தான் தெரியும். சீக்கிரம் தெரிந்தால் வெட்டி எடுக்கலாம். வலித்த பிறகு வந்தால் டாக்டர் கையைப் பிசைவார். உசிரோடதான் இருக்கு என்று சொன்னாலோ, அவள் அதைக் கொல்லச் சொல்லுவாள், எங்களைத் திட்டிவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்போதும் அவர் திரும்பி வர மாட்டார். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஆள் போய்விடுகிறார்.

இதை யோசித்து முடிக்கவில்லை, எதிரில் சரோஜா. கையில் துணிப்பை, வீட்டுக்குப் போக எல்லாம் கட்டியாகிவிட்டது.

"அக்கா, நீங்கதான் அதக் கொண்டுபோனது. அது செத்துருச்சா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். 'செத்துருச்சு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் என்று மனசு சொல்லும்போதே வாய்க்கு அது எம்புட்டு லேசாக இருக்கிறது என்று அன்னைக்குத்தான் தெரிந்தது.

"சாகல தாயி" என்றேன்.

அவள் சாய்தளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவன் "ஓரம், ஓரம்" என்று கத்தினான். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உசிரோட இருக்கு. அம்புட்டுதான் எனக்குத் தெரியும். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாது. தெரியாதத உன்கிட்டச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சவங்க மேல இருக்காங்க. எந்திரி, ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

"என்னைய உள்ள விட மாட்டாங்கக்கா."

"நான் கூட வாரேன்ல? யாரு விடமாட்டேம்பா, பாப்போம்."

கையைப் பிடித்து ஏற்றினேன். சின்ன டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெட்டியைக் கீழே போட்டு உடைத்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் பெரிய டாக்டரம்மாவின் கதவைத் தட்டினேன்.

சரோஜா உட்காரவில்லை. "அதக் கொன்னுருங்க" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். "கொல்றது பெரிய வேலை இல்லம்மா. இப்பவே செஞ்சிரலாம். ஆனா அது உங்க வீட்டுக்காரரோடது. என்னுதும் இல்ல, உங்களுதும் இல்ல. அவரு வேணாம்னு சொன்னா உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிருவேன். வாங்க, அவர்கிட்டக் கேப்போம்."

எல்லாரும் வார்டுக்கு இறங்கினோம். சின்ன டாக்டரும் வந்தார், முகம் பேயறைந்த மாதிரி. பத்மநாபன் வீட்டுக்குப் போகிற குஷியில் சட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார். சரோஜா அவர்கள் பாஷையில் படபடவென்று பேச ஆரம்பித்தாள். அவர் ஒன்று சொல்ல, அவள் ரெண்டு சொல்ல, குரல் ஏறியது. எங்களுக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றோம். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். மோகன் மட்டும் நடுவில் நடுவில் தலையை ஆட்டினார், யாருக்கு ஆட்டுகிறார் என்று தெரியவில்லை.

கடைசியில் பத்மநாபன் தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, என் வயித்துல இருந்த வரைக்கும் அதுக்கு நான்தான் புரோட்டா வாங்கிப் போட்டேன். இனிமே உங்க செலவு."

"வெளையாட்டா இருக்கா உங்களுக்கு?" சரோஜா அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

அவர் சிரிப்பை விட்டார். தமிழிலேயே சொன்னார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று. "சரோ, என் உள்ள இருந்தப்ப அது என்ன பண்ணுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. திருடன் இப்ப வெளிய மாட்டியிருக்கான். உசிரோட இருந்தாத்தான விசாரிக்க முடியும்? செத்தவன்கிட்ட என்னத்தக் கேக்க?"

 சரோஜா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப நான் பாக்கணும். தட்டுல வச்சு வாசல்ல காட்டுனீங்கள்ல, அதே மாதிரி இதையும் காட்டுங்க."

சின்ன டாக்டர் "மேடம், லேபுக்குள்ள வெளியாளுக..." என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா பத்மநாபனைப் பார்த்தார். "அவ பாக்கட்டும்" என்றார் அவர்.

தலைக்கு ஒரு தொப்பி, காலுக்கு ஒரு உறை போட்டு சரோஜாவைக் கூட்டிப்போனோம். மைக்ராஸ்கோப்பில் எப்படிப் பார்க்கணும் என்று சின்ன டாக்டரே சொல்லிக் கொடுத்தார். அவள் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். 

"புள்ளி புள்ளியா இருக்கு" என்றாள். "நான் சேலையில கட்டுற மாதிரி."

இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"நெருக்கமா இருக்கே. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

 டாக்டரம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. மத்தவங்களுக்கு இருக்கிறதவிட நெருக்கம்தான். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் இந்த லேபே இருக்கு. தெரியாத ஒண்ண நம்பி உங்க வீட்டுக்காரருக்கு மருந்து ஏத்த மாட்டேன். வரச் சொன்ன நாள்ல ரத்தம் பாக்கவும் ஸ்கேனுக்கும் வந்துருங்க. எல்லாருக்கும் சொல்றதுதான். உங்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்."

சரோஜா மறுபடி குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். என்னைக்கு வரணுமோ அன்னைக்கு நான் இவரக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றாள். படியிறங்கும்போது என்னிடம், "அக்கா, கேன்டீன்ல இட்லி இருக்குமா?" என்று கேட்டாள்.

சின்ன டாக்டர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் வடை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். நான் தின்றேன். அதோடு சரி.

நான் இதிலிருந்து பிடித்துக்கொண்டது ஒன்றுதான். வழியில் யாராவது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாத இடம் வந்தால் அங்கே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கை காட்டி அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். தனியாக அனுப்பினால் முக்கால்வாசிப் பேர் பாதி வழியில் வெளியே போகிற கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள்.

சரோஜா சொன்ன சொல் தவறவில்லை. பத்மநாபன் முரண்டு பிடிப்பார். "நல்லாத்தானடி இருக்கேன்" என்பார். ஒரு தடவை சொந்தத்தில் கல்யாணம், அன்னைக்கே ஸ்கேன். அவர் பட்டு வேட்டியோடு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கூட வந்த மோகன் என்னைப் பார்த்து, "தாலி கட்டுறதப் பாக்க விடாம இழுத்துக்கிட்டு வந்துட்டாக்கா, மாப்ளைக்குப் பந்திதான் போச்சு" என்றார். சரோஜா காதில் வாங்கவில்லை. கூப்பிடுகிற பேரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு தடவை அதே மாதிரி வந்தபோதுதான், ஈரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. ஒன்றே ஒன்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன். வெட்டி எடுக்கிற அளவில்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

நான் பெரிய டாக்டரம்மாவிடம் போய், "அப்ப அந்தத் தட்டுல பாத்தது சரியாப் போச்சா?" என்று கேட்டேன். எனக்குச் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றியது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஒருத்தர வச்சு அப்படிச் சொல்ல முடியாதுக்கா. நெறைய பேரப் பாக்கணும். நெருக்கமா திரண்டும் ஒண்ணும் வராதவங்க இருக்காங்க." எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மதிப்பு கூடியது. நான் டாக்டராக இருந்திருந்தால் அன்னைக்கே ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பேன்.

பத்மநாபன் பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். இன்னைக்கும் வில்லாபுரத்திலிருந்து செக்கப்புக்கு வந்து போகிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ரெண்டாவது ஆபரேஷன் அன்னைக்கு வாசலில் நடந்தது.

அதே தியேட்டர், அதே கதவு. இந்தத் தடவையும் துண்டு கொடுக்கச் சம்மதித்திருந்தார், இந்தத் தடவை வீட்டில் சொல்லிவிட்டு. நர்ஸ் தட்டோடு வெளியே வந்தாள். நான் பெட்டியோடு வந்தேன். பழைய ஞாபகத்தில் மோகன் பிடிக்கட்டும் என்று பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் துணியை விலக்கித் தட்டைச் சரோஜா முன்னால் நீட்டினாள்.

அவள் தட்டைப் பார்க்கவில்லை. என் பெட்டியைப் பார்த்தாள்.

"என்னக்கா நிக்கிறீங்க? ஓடுங்க! செத்துறப் போகுது!"

எனக்கு அப்போதே முட்டி போய்விட்டது. சாய்தளம் ஏறவே உட்கார்ந்து உட்கார்ந்து போகிற ஆள். ஆனாலும் ஓடினேன். எனக்கு முன்னால் மோகன், "வழிவிடுங்க, வழிவிடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது, புதுசாகப் போட்டிருந்த லிஃப்ட்டின் கதவு மூடாமல் காலை நடுவில் வைத்து மறித்துக்கொண்டு நின்றார்.